அப்பாவின் கையில் கண்ணாடி ஸ்டிக்கர்

கடைசியில் ஒரு சிரிப்பு இருக்கிறது என்று பிரம்மசக்தி அப்பாவுக்கு வாக்குக் கொடுத்தாகிவிட்டது. "யப்பா, ஒரு சங்கதி சொல்லுதேன் கேளுங்க. முடிக்கையில நீங்க வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கல, நான் எம்பேர மாத்திக்கிடுதேன்" என்றாள். ஸ்டிக்கர் கடை முப்பிடாதி மகளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சிரிப்பு எப்ப வரும்?" என்று கேட்டார். "கடைசில." "அதுவரைக்கும்?" "அதுவரைக்கும் கைய ஆட்டாம இருக்கணும்." சரி என்று தலையை ஆட்டினார், கையை ஆட்டவில்லை. சிரிப்பு வரத்தான் செய்யும், கொஞ்சம் பொறுக்க வேண்டும். தலைமையாசிரியையின் மூக்குக் குரலை மைக்கில் பேசி, 'மாணவிகள் கவனத்திற்கு, மதியம் விடுமுறை' என்று அறிவித்து, ஆறு வகுப்புகளைப் பையோடு கேட் வரைக்கும் நடக்கவைத்தவளுக்கு அப்பா ஒருத்தரைச் சிரிக்கவைப்பதா பெரிய காரியம்? சிக்கல் வேறு. இந்தச் சங்கதிக்குக் கடைசி என்று ஒன்று இல்லை. நடுவும் இல்லை. ஷேர் ஆட்டோக்காரர் கொண்டல்சாமி அண்ணாச்சி தன் வண்டியில் ஒரு கிடாயை ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார் என்கிற ஒரே ஒரு வரிதான் கைவசம், அதுவும் இப்போது, இந்த டிரஸ்ஸிங் அறைப் பெஞ்சில் உட்கார்ந்த பிறகு வாயில் வந்த பொய். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் ஓட்ட முடியுமோ அவ்வளவு நேரம் ஓட்ட வேண்டும். ஏனென்றால் இருவருக்கும் நடுவே, ரப்பர் விரிப்புப் போட்ட தலையணையின் மேல், அப்பாவின் இடது கை கிடந்தது. அதன் மேல் விரல் மொளியிலிருந்து மணிக்கட்டு தாண்டி ஒரு சாண் நீளத்துக்குக் கண்ணாடி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஒட்டு இல்லை. பைக் டேங்க்கில் கீறல் விழாமலிருக்க ஒட்டுகிற தாள். அதற்குக் கீழே ஒரு துண்டு காஸ் துணி, துணிக்குக் கீழே ஆறாத புண், துணியைச் சுற்றி நாலு பக்கமும் நல்ல தோல். அந்த நல்ல தோலை ஸ்டிக்கர் கவ்விக்கொண்டிருக்கிறது. அதை எடுக்க வேண்டும், இன்றைக்கே எடுக்க வேண்டும், தோல் ஒரு பொட்டும் கூடவே வரக்கூடாது. அப்பாவின் தோலோ தோலாகவே இல்லை; மூச்சுத் திணறலுக்கு மெடிக்கலில் தானாக வாங்கி வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரை அதை வெங்காயச் சருகாக்கி வைத்திருக்கிறது. "இன்னொரு எடம் உரிஞ்சா ஆற மாசக்கணக்காகும், சீழும் வைக்கும், பாத்துக்கோ" என்று எமல்டா சிஸ்டர் சொன்னாள். சொன்னவள் அரை அங்குலம் எடுத்துக் காட்டிவிட்டு, "எனக்கு அங்கிட்டு வேல கெடக்கு, மிச்சத்த நீயே எடு, எத்தன நேரமானாலும் சரி" என்று திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். போயே போய்விட்டாள். ஊரில் எத்தனையோ பேர் இருக்க, இந்தக் கையிடம் போய் இந்த வேலையை விட்டுவிட்டு.

கன்னத்தில் இல்லாத வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டாள். கொண்டல்சாமி அண்ணாச்சிக்கு அது இல்லாமல் குரல் வராது. "'ஏ முப்பிடாதி, கடையில ஆளிருக்கா, காத்தாடுதா?' 'அப்பா ஆஸ்பத்திரில அண்ணாச்சி, நாந்தான் இருக்கேன்.' 'அப்ப நீயே ஒட்டு. பின்கண்ணாடில ஒரு பேரு எழுதணும்.' 'யாரு பேரு அண்ணாச்சி?' 'இவன் பேரு.' யாருன்னு பாத்தா, யப்பா, உள்ள பயணி சீட்டுல கிடாய். கால மடக்கி உக்காந்திருக்கு, டிக்கெட் வாங்குன மாதிரி." பஞ்சில் எண்ணெயைத் தொட்டாள். பாரஃபின் என்று சிஸ்டர் சொன்ன வழவழப்பான எண்ணெய், வாசனையில்லை, கடையில் பசை எடுக்கத் தின்னர் தொடுவோமே, அதன் காரம் இல்லாமல் மூக்குக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. ஸ்டிக்கரும் தோலும் சேர்கிற கோட்டில் பஞ்சை வைத்தாள். இடது ஆள்காட்டி விரலால் தோலை அமுக்கினாள், வலது கையால் ஓரத்தை அதன் மேலேயே மடக்கி, படுத்தவாக்கில், படுத்தவாக்கில், மேலே தூக்காமல். ஒட்டிடமிருந்து தோலைத் தள்ளு, தோலிடமிருந்து ஒட்டை இழுக்காதே என்று சிஸ்டர் சொன்னது கேட்டபோது சிரிப்பு வந்தது, ஏனென்றால் அப்பா கடையில் சொல்வதும் அதேதான்: பெயிண்ட அமுக்கு, ஸ்டிக்கர இழுக்காத, அவசரப்பட்டா டேங்க் உரிஞ்சு வந்து வண்டிக்காரன் நம்மள உரிச்சுருவான். எத்தனை டேங்க் உரித்திருப்பாள், காதலி பேரை எழுதிக்கொண்டு போய் ஆறாம் மாதம் அழிக்க வருகிறவர்களின் டேங்க், கட்சி மாறியவர்களின் முன்கண்ணாடி, ஒரு கீறல் விட்டதில்லை. ஒரு நூல் அளவு பிரிந்தது. தோல் தோலாகவே இருந்தது. இன்னொரு நூல். ஒண்ணு. அடுத்த எண் நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது. அதைச் சொல்லவில்லை, தாண்டிக் குதித்து மூணுக்குப் போனாள். எட்டு நாளாக அப்படித்தான். கடையில் சில்லறை எண்ணினாலும் ஒன்றுக்கு அடுத்து மூன்று. "கிடாய்க்கு ஒரு கொம்பு நேரா, இன்னொரு கொம்பு கோணல்" என்றாள். "பெறவு?" என்றார் அப்பா.

பெறவு என்ன. பெறவு அண்ணாச்சி, பெறவு கிடாய், பெறவு இந்தத் தாள். இந்தத் தாளை இங்கே ஒட்டியது யார் என்று யாராவது கேட்டால், இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இப்படி ஒரு காரியம் செய்திருக்க முடியும். அப்பா மூச்சுத் திணறிப் படுத்திருந்த வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் தோள்பட்டையில் ஊசிக்குழாய் மேல் ஒரு கண்ணாடி ஒட்டு ஒட்டியிருந்தார்கள், உள்ளே இருப்பதெல்லாம் தெரியும், தண்ணீர் போகாது. அப்பா அதை மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தார். சினிமா பார்க்கிற மாதிரி. மூலையெல்லாம் வட்டமாக வெட்டியிருக்கிறதைப் பார்த்துவிட்டு மகளைக் கூப்பிட்டு, ஆக்ஸிஜன் குழாயை மூக்கிலிருந்து கொஞ்சம் தள்ளிக்கொண்டு, "பாத்தியாட்டி, முக்குக் கூரா இருந்தா ஓரம் தூக்கும், வட்டமா வெட்டுனா தூக்காது, நம்ம தொழில் தெரிஞ்சவன் எவனோதான் இதச் செஞ்சிருக்கான்" என்றார். அத்தனை சந்தோஷம், கண்டுபிடித்ததே தான்தான் என்கிற மாதிரி. அதோடு விட்டிருக்கலாம். வீட்டுக்கு வந்து கையில் புண்ணாகி, ஒருநாள் விட்டு ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு நடந்து, குளிக்கையில் பிளாஸ்டிக் பை கட்டி, பை அவிழ்ந்து துணி நனைந்து, சலித்துப்போய், மூன்று நாளைக்கு முன்னால் கடையில் ஆளில்லாத நேரத்தில் ரோலை எடுத்திருக்கிறார். அளந்திருக்கிறார். கட்டரில் நாலு மூலையும் வட்டமாக வெட்டியிருக்கிறார். பின்தாளை உரித்து, தண்ணீர் தெளித்து, நடுவிலிருந்து வெளியே வெளியே என்று தேய்த்து ஒரு காற்றுக் குமிழி இல்லாமல், ஒற்றைக் கையால், ஒட்டியிருக்கிறார். இன்று காலை முழுக்கைச் சட்டையை மடக்கியபோது தெரிந்தது. எமல்டா சிஸ்டர் பார்த்ததும் கையைத் தலையில் வைத்துக்கொண்டாள். "என்னய்யா இது?" "ஒங்க ஆஸ்பத்திரில ஒட்டுற அதே சாமான்தான் சிஸ்டர்." "எங்க சாமானா? எங்க ஒட்டு மூச்சு விடும்யா, வேர்வ அதுவழியா வெளிய போகும். இது வண்டிக்கு ஒட்டுறது. வண்டிக்கு வேர்க்குமா?" அப்பா யோசித்துவிட்டு, "வேர்க்காது" என்றார். பள்ளிக்கூடப் பையன் மாதிரி. அந்த ஒரு சொல்லை அப்படியே சுருட்டி பிரம்மசக்தி தொண்டைக்குள் போட்டுக்கொண்டாள், பிறகு வீட்டில் அம்மாவிடம் பேசிக்காட்டலாம் என்று, பழக்கம், பழக்கம் போகுமா. போட்டபின்தான் நினைவு வந்தது, வீட்டில் இப்போது யாரும் பேசிக்காட்டுவதில்லை.

ஓரம் இன்னும் ஒரு விரல்கடை போயிருந்தது. தாளுக்குக் கீழே தோல் அரிசி களைந்த கை மாதிரி வெளுத்து ஊறிக் கிடந்தது. ஊறிய தோல் இன்னும் லேசாக வரும். லேசாக வரும் என்று நினைக்காதே. "'ஏலே வண்டிய எடு, வண்டிய எடு, போலீஸ் ஸ்டேஷனுக்கு எதுத்தாப்புல கிடாய் ஏத்துன ஆட்டோவா நிறுத்துவ?' இது எஸ்.ஐ. அய்யா. 'அய்யா, பேரு ஒட்டிட்டு எடுத்துருதேன்.' 'என்ன பேருலே?'" தொப்பையை முன்னால் தள்ளாமல் அந்தக் குரல் வராது, தள்ளினால் கை ஆடும், ஆகவே தொப்பை இல்லாத எஸ்.ஐ.யாகப் பேசினாள், அவர் பாதி எஸ்.ஐ. மாதிரி இருந்தார். அப்பா சிரிக்கவில்லை. முன்பெல்லாம் எஸ்.ஐ. குரலுக்கு வாயை மூடிக்கொண்டு குலுங்குவார். "கிடாய்க்கு என்ன பேருட்டி?" என்று மட்டும் கேட்டார். "அதான் கடைசில வரும்." கடைசில வரும், கடைசில வரும். அன்றைக்கும் இப்படித்தான் ஒரு குரலில் பேசிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு டாக்டர் குரல். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள், ஊசி எடுத்த இடத்தில் பஞ்சும் பிளாஸ்டருமாக இருந்தது, அதை எடுக்க வேண்டும், அவ்வளவுதான், உலகத்தில் தினம் லட்சம் பேர் எடுக்கிறார்கள். அப்பா கூச்சப்பட்டார். "வலிக்குமோட்டி?" 'மிஸ்டர் முப்பிடாதி, நீங்க ஒரு குழந்தையா? நான் மூணு எண்ணுவேன், மூணுல எடுப்பேன், ஓகே?' என்று டாக்டர் மாதிரியே கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டாள், இல்லாத கண்ணாடியை. ஒன். மூணில் எடுப்பதாகச் சொல்லிவிட்டு அதற்கு முந்தி எடுக்கிற விளையாட்டு, எல்லா வீட்டிலும் எல்லாரும் விளையாடுகிறதுதான், பல்லைப் பிடுங்குகிறவர் முதல் ஊசி போடுகிறவர் வரை. ஒன். அப்புறம் அந்த எண். அதைச் சொன்ன வாயோடு இழுத்தாள். சர்ரென்று வந்தது. எப்போதும் வருகிற சத்தமில்லை, வேறு சத்தம், ஈரத்துணி கிழிகிற மாதிரி. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் வாய் சிரித்து முடிக்க நேரமானது, அதுதான், அதுதான் போகமாட்டேன் என்கிறது, கண் பார்த்துவிட்டது, பிளாஸ்டரில் ஒட்டிக்கொண்டு வெற்றிலை அகலத்துக்கு மெல்லிசாக ஏதோ தொங்குவதை, கையில் சிவப்பாக ஈரமாக ஒன்று திறந்துகொண்டதை. வாய் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது.

அப்பா கத்தவில்லை. அப்பா கத்தியிருந்தால் ஒரு வழி இருந்திருக்கும். "ஒண்ணுமில்லட்டி" என்றார். அந்த 'ஒண்ணுமில்லட்டி'யை மட்டும் அவளால் பேசிக்காட்டவே முடியவில்லை. ராத்திரி பாயில் படுத்துக்கொண்டு உதட்டை அசைத்துப் பார்த்தாள், மூச்சை எங்கே நிறுத்தினார், எங்கே விட்டார் என்று, வரவில்லை. அம்மா பீடி இலையைத் தட்டோடு வைத்துவிட்டு ஓடிவந்து "என்னங்க இது ரத்தம்?" என்றபோது அப்பா, "கதவு நாதாங்கி இழுத்துருச்சு" என்றார். கேட்ட அம்மா நாதாங்கியைத் திட்டினாள். நாதாங்கிக்கு எண்ணெய் விட்டாள். மறுநாள் ஆசாரியைக் கூப்பிட்டு நாதாங்கியையே மாற்றிவிட்டாள். புது நாதாங்கி பளபளவென்று கதவில் இருக்கிறது, ஒவ்வொரு தடவை கதவைத் திறக்கும்போதும் கை அதன் மேல் படுகிறது, நான் என்ன செய்தேன் என்று அது கேட்கிறது, அதற்கு ஒரு குரல் கொடுத்தால் எந்தக் குரல் கொடுக்கலாம். சிஸ்டரிடமும் நாதாங்கி என்றுதான் சொன்னார். அவளிடம்கூட, தனியாக இருக்கையில்கூட, அந்த நாதாங்கியைத் தவிர வேறு பேசவில்லை, பேசிப் பேசி அதுவே நடந்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ. அவளுக்குத்தான் ஆகவில்லை. எட்டு நாளாகக் கடையில் ஒரு ஸ்டிக்கர் உரிக்கவில்லை. பால்காரர் வண்டியில் பழைய பேரை எடுக்கணும் என்று வந்தார், நகத்தை ஓரத்தில் வைத்தாள், சர்ரென்று அந்தச் சத்தம் காதில் கேட்டது, வைத்த நகத்தை எடுத்துவிட்டாள். "நாளைக்கு வாங்க அண்ணே, ட்ரையர் ரிப்பேர்." பசையை இளக்கச் சூடு காட்டுகிற ட்ரையர் நன்றாகத்தான் இருந்தது. குரல்களும் அதுபோல. எஸ்.ஐ., தலைமையாசிரியை, கொண்டல்சாமி, பஸ் கண்டக்டர், தெருக்கோடி ரெக்கார்டு போட்ட காய்கறி வண்டி, எல்லாரும் தொண்டைக்குள் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள், யாரும் எழுந்திருப்பதில்லை. இன்றைக்குத்தான் எழுந்தார்கள். இந்தக் கையைக் காப்பாற்ற வேறு ஆளில்லை என்று எழுந்தார்கள் பாவம்.

"பெறவு?" என்றார் அப்பா. "பெறவு கிடாய் கீழ எறங்குச்சு" என்றாள். "எறங்கி, நான் வெட்டி வச்சிருந்த எழுத்த மோந்து பாத்துச்சு. 'ஏ பிள்ள, அவன் படிக்கான் பாரு' ங்காரு அண்ணாச்சி. படிக்கவா செஞ்சுச்சு? ஒரு எழுத்தத் தின்னுருச்சு." அவள் விரல் மணிக்கட்டுக்கு வந்திருந்தது. எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற மேடு, தாள் அதன்மேல் இழுத்துப் பிடித்த மாதிரி ஒட்டியிருந்தது, அப்பாவுக்கே உரிய ஒட்டு, சுருக்கம் இல்லாத ஒட்டு, தொழில்காரன் ஒட்டு. பஞ்சை வைத்தாள். அமுக்கினாள். மடக்கினாள். தாள் வந்தது, கூடவே தோலும் எழுந்தது. சின்னக் கூடாரம் மாதிரி எழுந்து நின்றது, அடியில் ஒரு வெள்ளைக் கோடு, கோட்டில் ஒரு சிவப்பு நூலோ, இல்லை நிழலோ. விரல் நின்றது. மூச்சு நின்றது. கொண்டல்சாமி நின்றார், கிடாய் வாயில் எழுத்தோடு நின்றது. சர். சத்தம் கேட்டதா? கேட்கவில்லை. கேட்கப்போகிறது. இன்னும் ஒரு மயிரிழை இழுத்தால் கேட்கும், விட்டுவிடலாமா, விட்டால் தாள் திரும்ப ஒட்டிக்கொள்ளுமா, சிஸ்டர் எங்கே, சிஸ்டரைக் கூப்பிடலாம், கூப்பிட வாய் திறந்தால் எந்தக் குரலில் கூப்பிடுவது, வாயில் ஒருத்தர் குரலும் இல்லை, வெறும் வாய். தாளில் விழுந்த வெளிச்சம் அலைந்தது. இது அப்பாவுக்குத் தெரியக் கூடாது, தெரியாமல் எப்படி, அவர் தோல்தானே. ஒன். வேண்டாம். ஒன். வேண்டாம் வேண்டாம். அப்பாவின் கை தலையணையில் அப்படியே கிடந்தது. ஒரு நரம்புகூடத் துடிக்கவில்லை. "எந்த எழுத்தட்டி தின்னுச்சு?" என்றார். சாவகாசமாகக் கேட்டார். டீ குடித்துக்கொண்டே கேட்கிற மாதிரி. "பேரே தெரியாம அந்தரத்துல நிறுத்திட்டியே. டேங்க் மடிப்புல மாட்டுன ஸ்டிக்கர் மாதிரி." டேங்க் மடிப்பு. மடிப்பில் மாட்டிக்கொண்டால் எதிர்த்துப் போகாதே, விட்டுட்டு மறுபக்கத்திலிருந்து வா, சந்திக்கிற இடத்தில் தானாக விடும். அவர் கடையில் ஆயிரம் தடவை சொன்னது. மெல்ல, கூடாரத்தைப் படுக்கவைத்தாள். தோல் படுத்தது. வெள்ளைக் கோடு மறைந்தது. சிவப்பு நூல் நிழல்தான், நிழலேதான், தாளின் மடிப்பு நிழல். எண்ணெய்ப் பஞ்சை அந்த மேட்டின் மேல் வைத்துவிட்டு மறுபக்கத்து ஓரத்துக்குப் போனாள்.

எண்ணெய்க்கு நேரம் கொடுக்க வேண்டும். எண்ணெய் தானாக வழி கண்டுபிடித்து உள்ளே போகும், நாம் காத்திருக்க வேண்டும், இது கஷ்டம், அவளுக்குக் காத்திருக்கத் தெரியாது, பிறந்ததே எட்டாம் மாதத்தில் என்று அம்மா சொல்வாள். காத்திருக்கையில் அப்பாவின் கையைப் பார்த்தாள். இவ்வளவு நேரமும் தாளைத்தான் பார்த்திருக்கிறாள், கையைப் பார்க்கவில்லை. கட்டைவிரல் நகத்தில் கட்டர் பட்ட பழைய வெட்டு. மோதிரவிரலில் தின்னரில் காய்ந்த வெடிப்பு. புறங்கையில் மயிர் கொஞ்சம் நரைத்திருந்தது, எப்போது நரைத்தது. சின்னப் பிள்ளையில் இந்தக் கை ஸ்டிக்கர் வெட்டி மிச்சமான எழுத்துகளையெல்லாம் அவளுக்குக் கொடுக்கும், அவள் அவற்றைச் சுவரில், தட்டில், கோழியின் மேல் ஒட்டுவாள். ஒருநாள் 'விற்பனைக்கு' என்று முழுசாக ஒரு சொல் கிடைத்தது, பழைய வேன்காரர் வேண்டாமென்று விட்டது, அதை அப்பாவின் சட்டை முதுகில் ஒட்டிவிட்டாள். அதோடு அவர் பஜார் முழுக்கப் போய்வந்தார், பால் வாங்கினார், கரண்ட் ஆபீஸில் நின்றார், ராத்திரி சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டும்போது அந்தச் சொல் வெளியே தெரிகிறமாதிரி மாட்டினார். அவள் போர்வைக்குள் சிரித்துச் சிரித்து விக்கல் எடுத்தது. அதை நினைத்ததும் மறுபக்கத்து ஓரம் கொஞ்சம் பிரிந்தது. பிரிந்தது என்றால் வழிவிட்டது, எண்ணெய் உள்ளே போய் அங்கே ஒரு பளபளப்பு. தள்ளு. தோலைத் தள்ளு. குழந்தையின் கன்னத்தில் ஒட்டிய சோற்றை எடுக்கிற மாதிரி. "'ஊ' வத் தின்னுச்சு" என்றாள். "ஊ வா?" "ஆமா. இப்ப அண்ணாச்சிக்குக் கோவம். 'ஏ பிள்ள, ஒரு எழுத்துக்கு எவ்வளவு வெல?' 'அஞ்சு ரூவா அண்ணாச்சி.' 'நான் தர மாட்டேன், தின்னவன் தரட்டும்.'" அப்பாவின் வயிறு லேசாக ஏறி இறங்கியது. சிரிப்பா, மூச்சா. மூச்சாக இருக்கும். நெஞ்சில் விசில் இல்லாத மூச்சு, நல்ல மூச்சு.

காஸ் துணி தாளோடு சேர்ந்து எழுந்தது, எண்ணெய் ஊறியதால் புண்ணை விட்டுவிட்டு வந்தது. அதைப் பார்க்க வேண்டாம் என்று நினைத்திருந்தாள், பார்த்துவிட்டாள். அவள் செய்தது. எட்டு நாள் கழித்துப் பார்க்கிறாள். வெற்றிலை அகலம் என்று மனசில் இருந்தது, அவ்வளவு இல்லை, ஓரத்தில் இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் உள்நோக்கி நடந்து வந்துகொண்டிருந்தது. கொஞ்சம் ஊறியிருக்கிறது, கொஞ்சம் வாடை, ஆனாலும் வந்துகொண்டிருக்கிறது, யாரும் கேட்காமல், யாரையும் குற்றம் சொல்லாமல். மூக்கு அடைத்தது. மூக்கு அடைத்தால் தலைமையாசிரியை குரல்தான் வரும், வந்தது, "'கிடாயை யார் பள்ளி வளாகத்திற்குள் விட்டது?'" என்றாள், ஆனால் பள்ளிக்கூடம் கதையில் எங்கே வந்தது, ஆட்டோ கடை வாசலில் அல்லவா நிற்கிறது, அப்பா அதைக் கேட்கவில்லை, "பெறவு?" என்றுதான் கேட்டார். பெறவு இருபக்கமும் பிரிந்து மேட்டில் ஒரு விரல் அகலம் மிச்சம். கூடாரம் எழுந்த இடம். பஞ்சை எடுத்தாள். விரலை வைத்தாள். தோலைத் தள்ளினாள், ஒரு மயிரிழை, ஒண்ணு, இன்னொரு மயிரிழை, ரெண்டு, மூணு, நாலு, எண்ணிக்கொண்டே போனாள், பதினேழு வரைக்கும் போனபின்தான் நடுவில் எதையும் தாண்டாமல் வந்தது தெரிந்தது, தெரிந்ததும் பதினெட்டு, பத்தொன்பது, அதற்குள் தாள் முழுசாக அவள் கையில் இருந்தது. வலது கையில், எண்ணெய் வடிய, அப்பாவின் புறங்கை வடிவத்தில் வளைந்து, மூலை நாலும் வட்டமாக. அதைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்தாள். பசைப் பக்கத்தில் நாலைந்து மயிர் ஒட்டியிருந்தது. தோல் இல்லை. மறுபடி பார்த்தாள். தோல் இல்லை. கையைப் பார்த்தாள். வெளுத்து, சுருங்கி, ஊறி, முழுசாக இருந்தது.

"வந்துருச்சா?" என்றார் அப்பா. "வந்துருச்சு." "கைய இப்ப ஆட்டலாமா?" "ஆட்டாதீங்க, சிஸ்டர் வரட்டும்." "அப்ப கடைசியச் சொல்லு." "என்ன கடைசி?" "கிடாய்க்கு என்ன பேரு?" பிரம்மசக்தி வாயைத் திறந்தாள். தொண்டைக்குள் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள், ஒருத்தரும் உதவவில்லை. "அது வந்து, அண்ணாச்சி சொன்னாரு..." "எந்த அண்ணாச்சி?" "கொண்டல்சாமி அண்ணாச்சிதான். நீங்க ஆஸ்பத்திரில கெடக்கையில கடைக்கு வந்து..." அப்பா வலது கையால் மூக்கைச் சொறிந்துகொண்டார். "நான் ஆஸ்பத்திரில கெடந்த அஞ்சு நாளும் கொண்டல்சாமி எங்கட்டில்ல உக்காந்து எனக்கு வாங்குன ஆரஞ்சயெல்லாம் தின்னுக்கிட்டு இருந்தாரு. ஆட்டோ மதுரைல எப்.சி.க்குப் போயிருந்துச்சு." அவள் ஸ்டிக்கரைப் பெஞ்சில் வைத்தாள். அப்படியென்றால் முதல் வரியிலேயே தெரியும். கிடாய் ஆட்டோவில் ஏறும் முன்னாலேயே தெரியும். தெரிந்துகொண்டா இத்தனை நேரம் பெறவு பெறவு என்று. எதற்கு? கையிலிருந்து கவனம் போக வேண்டியது அவருக்குத்தானே? அவருக்குத்தானே?

திரை விலகியது. எமல்டா சிஸ்டர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்திலேயே, ஸ்டூலில் உட்கார்ந்திருந்த ஆள் எழுந்து வருகிற வரவு அது, உடுப்பில் உட்கார்ந்த சுருக்கம்கூடத் தெரிந்தது. குனிந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "ஒரு பொட்டுப் போகல. ஏ பிள்ள, இங்ஙன வேலைக்கு வந்துரு. முக்கா மணி நேரம் சும்மா உக்காந்து எனக்குத்தான் கால் மரத்துப் போச்சு." "அங்கிட்டு வேல கெடக்குன்னீங்களே சிஸ்டர்?" "எனக்கு என்ன வேல? இன்னிக்கு ஓ.பி.ல கூட்டமே கெடையாது. நீ சீட்டு வாங்கப் போனப்ப ஒங்கப்பாதான், 'வேல இருக்குன்னு சொல்லிட்டுத் திரைக்கு அங்கிட்டுப் போயிருங்க சிஸ்டர், அவதான் எடுக்கணும்'னாரு. நடுவுல நீ பேச்ச நிறுத்திட்ட பாரு, நான் பதறிப்போய் எந்திரிச்சுத் திரைச் சந்துல எட்டிப் பாத்தேன். கண்ணாலயே உக்காருங்காரு மனுஷன்." சொல்லிவிட்டு சிஸ்டர் சுத்தமான துணி எடுக்க அலமாரிப் பக்கம் போனாள்.

பிரம்மசக்தி அப்பாவைப் பார்த்தாள். முப்பிடாதி மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் அறியாத முகம். உதட்டை உள்ளே மடித்து, கண்ணை உருட்டாமல், காது மட்டும் சிவந்து, தலைமையாசிரியை அவரையும் வரச்சொல்லி மைக் விஷயத்தை விசாரித்தபோது அவள் வைத்துக்கொண்டு நின்ற முகத்தை அப்படியே, ஓர் இம்மி பிசகாமல், பேசிக்காட்டிக்கொண்டிருந்தார். சட்டைக்குள் வயிறு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

"யப்பா!" என்றாள்.